பச்சைக் கதவைத் தட்டிய காற்று

ஆம்பூரில் தமிழ்ப் புலவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், ஒருவர்தான் என்று நான் அடக்கமாகச் சொல்வேன். பெயரைச் சொல்ல மாட்டேன். கேட்டவருக்கே புரிந்திருக்கும் என்று விட்டுவிடுவேன். என் மனைவி கெங்கம்மாளுக்கு மட்டும் இது இன்னும் புரியவில்லை.

தோல் பதனிடும் நயீம் அகமது சாயபுவின் டேனரியில் நான் குமாஸ்தா. சாயபு வருஷா வருஷம் தம் வீட்டில் முஷாயிரா வைப்பார். வேலூர், வாணியம்பாடியிலிருந்து உருதுக் கவிஞர்கள் வந்து பாடுவார்கள். அந்த வருஷம் அவர் என்னைக் கூப்பிட்டு, தமிழிலும் நாலு வரி இருந்தால் நன்றாக இருக்கும், நீ எழுதிப் பாடுகிறாயா என்று கேட்டார். இந்த ஆதிகேசவனின் புலமை முதலாளியின் காது வரைக்கும் போய்விட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அணியிலக்கணத்தை முழுசாகக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவது என்று சபதம் செய்தேன். அரக்கோணம் போனபோது ரயிலடியில் ஒரு அணியிலக்கணப் புத்தகமும் வாங்கி வந்தேன்.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. எங்கள் வீடு டேனரிக்குப் பின்னால், சுண்ணாம்புத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவற்றில்தான் பச்சைத்தோலை ஊறப் போடுவார்கள். அந்த வாசனையை வர்ணிக்கத் தமிழில் சொல் இல்லை. அது தமிழின் அதிர்ஷ்டம். ரயில்வே ரோட்டில் சாயபுவுக்குப் பச்சைக் கதவு போட்ட வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைக் கேள் கேள் என்று கெங்கம்மாள் மூன்று வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் வீட்டுப் பேச்சை எடுத்தால் இலக்கணப் பேச்சை எடுத்து அவள் வாயை அடைத்துவிடலாம் என்பது என் கணக்கு.

நான் கேட்காமல் இல்லை. சாயபுவின் முன்னால் போய் நின்று, "ஒரு சங்கதிங்க" என்பேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இன்னா?" என்பார். "ஆவாரம்பட்டை வந்துடுச்சிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். தோல் பதனிட வாங்கும் அந்தப் பட்டை வராத நாளில்கூட இதையே சொல்லி, அவர் கிடங்குக்குப் போய்ப் பார்த்துத் திரும்பியதும் உண்டு.

சரி, புத்தகத்தைத் திறந்தேன். கெங்கம்மாள் முறத்தில் அரிசியோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். இன்னா படிக்கிறீங்க, எனக்கும் சொல்லுங்க என்றாள். முகத்தில் உண்மையான ஆர்வம் தெரிந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

உவமையில் ஆரம்பித்தேன். முகம் நிலவு போல இருக்கிறது என்றால் உவமை. அந்தப் 'போல'வை எடுத்துவிட்டு முகநிலவு என்றால் உருவகம்.

"போலவ எடுத்துட்டா அது நெலாவே ஆயிடுமா?" என்றாள்.

"ஆயிடும். அதான் உருவகத்தோட பலம்."

"அப்ப சரி. இந்த வூடு மாட்டுக்கொட்டா போல இருக்குதுன்னு இத்தினி நாளா சொல்லினு இருந்தேன். இனிமே போலவ எடுத்துடறேன்."

நான் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். உயர்வு நவிற்சி வந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லாமல் மிகைப்படுத்திச் சொல்வது என்று விளக்கினேன். அவள் கல் பொறுக்குவதை நிறுத்தினாள்.

"போன வாரம் சாயபுகிட்ட வூட்டப் பத்திப் பேசிட்டேன்னு சொன்னீங்களே, அதுவா?"

"அது வேற. அது வந்து... பொய்."

"ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்?"

"உயர்வு நவிற்சில, கேக்கறவங்களுக்கும் அது நெசமில்லன்னு தெரிஞ்சிருக்கும்."

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

இப்படி ஒரு மாணவி யாருக்கும் வாய்க்கக் கூடாது. பழிப்பது போலப் புகழ்வதும், புகழ்வது போலப் பழிப்பதும் வஞ்சப்புகழ்ச்சி என்றேன். உதாரணம் நான் தேடுவதற்குள் அவளே ஒன்று கொடுத்தாள். "உங்கள மாதிரி தைரியசாலிய நான் பாத்ததில்ல. மூணு வருஷம் ஒருத்தர் எதிர்ல வாயத் தொறக்காம நிக்கறதுன்னா சும்மாவா?" உதாரணத்தில் பிழை ஒன்றும் இல்லை. பத்துக்குப் பத்து போட வேண்டியதாயிற்று.

மிச்சமிருந்தது தற்குறிப்பேற்ற அணி. இதில் அவளால் வீட்டை நுழைக்க முடியாது என்று எனக்குத் தெம்பு வந்தது. இயற்கையாக நடக்கிற ஒன்றின் மேல் புலவன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது என்றேன். நம் பாலாறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறது. மழை இல்லை, ஆகவே தண்ணீர் இல்லை. ஆனால் புலவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆம்பூர்த் தோல் தொட்டிகளுக்குப் பயந்து பாலாறு மணலுக்குள் போய் ஒளிந்துகொண்டது என்பான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆத்துக்கு நெசமாவே அந்தப் பயம் உண்டா?"

"கெடையாது. அது புலவனோட நெனப்பு. ஆத்து மேல ஏத்திடுவான்."

"அப்ப நெனப்பு இவுரோடது. பேரு ஆத்தோடது. இவுரு மேல ஒரு பேச்சும் வராது."

"வராது. ரொம்பப் பத்திரமான அணி."

அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். இலக்கணம் ஒருவழியாக அவளைச் சாந்தப்படுத்திவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் பாட்டு வரவில்லை. சாயபுவைக் கற்பகத் தருவாக்கி, கருணைக் கடலாக்கி, இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரிக்கு அவரை எதுவாக ஆக்குவது என்று தெரியவில்லை. முஷாயிராவுக்கு முதல் நாளும் இரண்டு வரியோடுதான் உட்கார்ந்திருந்தேன். கெங்கம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டே, இது சரியா இருக்குதா பாருங்க என்று சொன்னாள்:

தொட்டிப் பக்கம் குடியிருந்து சலித்துப் போன காற்று தினம்
தட்டிப் பார்த்துத் திரும்புதையா, பூட்டி வைத்த பச்சைக் கதவை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசல் தற்குறிப்பேற்றம். எதுகை வேறு விழுந்திருந்தது. எனக்குச் சந்தேகமும் வந்தது. அந்தப் பச்சைக் கதவு சாயபுவின் வீட்டுக் கதவு இல்லையா என்று கேட்டேன்.

"கதவு யாரோடதா இருந்தா இன்னா? தட்டறது காத்து. நீங்க இல்லியே. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

இலக்கணப்படி அவள் சொன்னது சரி. எழுதிக்கொண்டேன்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் சாயபு வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. பெரிய பெரிய வியாபாரிகளும் கவிஞர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் திரை கட்டி, அதற்குப் பின்னால் சாயபுவின் மனைவி அக்தரி பேகமும் மற்றப் பெண்களும் இருந்தார்கள். கெங்கம்மாளும் அங்கேதான். பேகத்துக்கு முறுக்குப் பிழியக் கற்றுக்கொடுக்கப் போய்வந்ததில் இருவருக்கும் நல்ல பழக்கம்.

முஷாயிராவில் ஒரு வழக்கம் உண்டு. மெழுகுவர்த்தி யார் முன்னால் வைக்கப்படுகிறதோ அவர் பாட வேண்டும். ஒரு வரி பிடித்துவிட்டால் சபையில் "முகர்ரர்" என்பார்கள். இன்னொரு தடவை என்று அர்த்தம். கேட்டால் சலாம் வைத்து அதே வரியை மறுபடி சொல்லியே ஆக வேண்டும். மறுத்தால் சபைக்கு அவமரியாதை.

மெழுகுவர்த்தி என் முன்னால் வந்தது. என் தோஸ்த் ஆபித் பாஷா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக உருதுவில் எடுத்துச் சொல்வதாக ஏற்பாடு. என்னுடைய முதல் இரண்டு வரியை உருக்கமாகச் சொன்னேன். ஆபித் பாஷா ஏதோ சுருக்கமாகச் சொன்னான். உருது சிக்கனமான பாஷை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து, காற்றை அவிழ்த்து விட்டேன். அவன் உருதுவில் சொல்லி முடித்ததும் சபை குலுங்கிச் சிரித்தது. "முகர்ரர்" என்று முதலில் கேட்டவனும் அவன்தான்.

சலாம் வைத்து மறுபடி சொன்னேன். மறுபடியும் முகர்ரர். மூன்றாம் தடவை ராகம் சேர்த்தேன். நான்காம் தடவை, காற்று கதவைத் தட்டுகிற இடத்தில் கையால் தட்டியும் காட்டினேன். வாழ்நாளில் எனக்கு அப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை. அப்போதுதான் சாயபு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ரயில்வே ரோட்டு வூடா?"

 என் நாக்கு தானாக ஆவாரம்பட்டையைத் தேடிப் போயிற்று. பிடித்து இழுத்து, "காத்துங்க. காத்துதான் தட்டுது" என்றேன்.

"காத்து தட்டிடுச்சி. நீ கேக்கறியா, இல்லியா?"

அது அணி என்று சொல்லப் பார்த்தேன். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. அந்த இருமலை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். இத்தனை பேர் முன்னால், மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டே, "கேக்கறேங்க" என்றேன்.

சாயபு சிரித்தார். "இத்த முன்னாடியே கேட்டிருந்தா, இல்லாத பட்டையப் பாக்க நான் கிடங்குக்கு நடந்திருக்க மாட்டேனே" என்று சொல்லி, எடுத்துக்கொள் என்று கையசைத்தார். சபையில் வாஹ் வாஹ் என்றார்கள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சமாசாரத்தை எப்படி ஆரம்பித்தால் எடுப்பாக இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்தேன். வாசலில் மாட்டுவண்டி நின்றது. அண்டா, குண்டான், என் புத்தகம் எல்லாம் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. எனக்கு முன்பே கிளம்பி வந்திருந்த கெங்கம்மாள் முந்தானையில் ஒரு சாவியை முடிந்துகொண்டிருந்தாள்.

விசாரித்ததில் விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அக்தரி பேகம் போன மாதமே சாவியைக் கொடுத்துவிட்டாராம். சாயபுவுக்கும் சம்மதமாம். ஆனால் குடியிருக்கப் போகிறவன் தன் வாயால் ஒரு தடவை கேட்கட்டும், அப்போதுதான் ஆள் தேறுவான் என்று அவர் நிபந்தனை போட்டாராம். அதற்காகத்தான் இந்த வருஷ முஷாயிராவில் தமிழ் நுழைந்தது. யோசனை யாருடையது என்று நான் கேட்கவில்லை. முகர்ரர் சொன்னதற்கு ஆபித் பாஷாவுக்கு ஒரு டப்பா முறுக்கு போயிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது. ஆனாலும் ஒரு புலவன் அத்தனை சுலபத்தில் விழுந்துவிட மாட்டான். வண்டியில் ஏறி உட்கார்ந்து, வீட்டைக் கேட்டது நீ சொன்ன வரியாகவே இருக்கட்டும், என்னுடைய முதல் இரண்டு வரியைக் கேட்டுத்தானே சாயபு மனம் இளகியிருப்பார் என்றேன்.

கெங்கம்மாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்த ரெண்டு வரிய ஆபித் பாஷா உருதுல சொல்லவே இல்லியாங்க. 'தொண்டையக் கனைச்சிக்கிறாரு, சங்கதி இனிமேதான் வரும்'னு சொன்னாராம்."