பொருள்: ஐந்தாம் எண் தகட்டைத் திருப்பித் தருவது தொடர்பாக

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. விபத்தை ஒழிப்பது எப்படி என்பதை மட்டும், தீவின் துறைமுகப் பகுதியான ஹேடோவில் இருக்கும் 'தங்க நங்கூரம் சரக்குக் கிடங்கு' கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வழி மிகவும் எளிது. கிடங்கு வாசலில் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பலகை. அதில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். கீழே மூன்று கொக்கி, கொக்கிக்கு ஒரு தகரத் தகடு, தகட்டுக்கு ஓர் எண். தினமும் காலையில் எண்ணில் ஒன்று கூடும். கூடிவிட்டால் விபத்து நடக்கவில்லை என்று பொருள். நடந்திருந்தால் எப்படிக் கூடியிருக்கும்?

இந்தத் திருப்பணியைப் பதினொரு வருடமாகச் செய்துவந்தவர் வெள்ளைச்சாமி. அவருக்கு வேலை மூட்டை தூக்குவது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் அரிசி, சிமெண்ட், வெங்காயம் எல்லாம் அவர் தோள் வழியாகத்தான் தீவுக்குள் நுழைந்தன. எண் மாற்றுவது வேலை அல்ல, 'கௌரவம்'. முதலாளி சிவபிரகாஷ் அப்படித்தான் சொல்வார். கௌரவத்துக்குக் கூலி கேட்பது அநாகரிகம் என்பதும் அவர் சொன்னதுதான்.

கௌரவத்துக்கு ஓர் ஏணியும் இருந்தது. அதில் எட்டாவது படி கிடையாது. அந்த இடத்தில் நீல நைலான் கயிறு கட்டியிருந்தார்கள்.

முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் வந்தது. பதினோரு மணிக்கு விழா. ஷாமியானா போட்டாயிற்று, லட்டு வந்தாயிற்று. ஏழு மணிக்கு வெள்ளைச்சாமி ஏறி, நான்கைக் கழற்றிக் கீழே நின்ற சூப்பர்வைசர் தமீமிடம் போட்டுவிட்டு, ஐந்தை மாட்டக் கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து நைலான் கயிறு பணி ஓய்வு பெற்றது.

வலது முட்டி சிமெண்ட் தரையில் நொறுங்கியது. ஐந்தை மட்டும் அவர் விடவில்லை. பிடித்த பொருளை நழுவ விடாதது பதினொரு வருடப் பழக்கம். சரக்கு வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தும் கூடவே போனது.

ஒன்பது மணிக்கு அவர் மனைவி பொன்னம்மாவின் போன் அடித்தது. தமீம்.

"அக்கா, அஞ்சு அங்கதான இருக்கு?"

"மனுசன் இங்க கதறிக்கிட்டு இருக்காரு, நீ அஞ்சு எங்கங்குற!"

"அண்ணன் ஆஸ்பத்திரியிலதான இருக்காரு, அவரைப் பத்திக் கவலை இல்லக்கா. போர்டுதான் மொட்டையா நிக்குது."

லட்டுப் பெட்டியின் மூடியைக் கிழித்து, மார்க்கரால் ஐந்து வரைந்து மாட்டினார்கள். மழை வந்து மை வழிவதற்குள் விழா முடிந்துவிட்டது.

மறுநாள் முதலாளியே இரண்டு லட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நன்றி மறக்கும் கம்பெனி அல்ல அது.

"விபத்துன்னு நர்ஸ்கிட்ட சொன்னீங்களாமே வெள்ளைச்சாமி? அது விபத்தா? நீங்க இறங்குனீங்க. கொஞ்சம் வேகமா இறங்கிட்டீங்க, அவ்வளவுதான்."

"முட்டி போச்சே முதலாளி."

"விபத்துன்னு எழுதுனா போர்டு சைபருக்குப் போயிரும். ஒரு வருஷ உழைப்பு! அதுல உங்க உழைப்பும் இருக்கு. உங்க கையாலயே அதைக் கெடுப்பீங்களா?"

வெள்ளைச்சாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிடங்குப் பதிவேட்டில் 'வேகமாக இறங்கினார்' என்று எழுதி முடித்தார்கள்.

இனி மூட்டை தூக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் வர வேண்டாம் என்று கம்பெனி சொன்னது. முதலாளி மேல் பழி போடக் கூடாது என்று வெள்ளைச்சாமி சொன்னார். பொன்னம்மா யார் சொன்னதையும் கேட்கவில்லை. ஆட்டோ கூப்பிட்டாள்.

முதலில் போனது சீனியர் வக்கீல் உதயசூரியனிடம். மேஜையில் கண்ணாடி நங்கூரம் ஒன்று மின்னியது. அதில் '365'. அன்றைய சிறப்பு விருந்தினர் அவர்தான்.

"அன்னிக்கு அங்கதானய்யா நான் இருந்தேன்! விபத்தே இல்லைன்னு முக்கால் மணி நேரம் பேசினேனே, நீ கேக்கலையா?"

"நீங்க வந்தது பதினோரு மணிக்குங்க. நான் விழுந்தது ஏழு மணிக்கு."

"விழாவுக்கு முன்னாடி நடந்தது விழாவைப் பாதிக்காது" என்றார் சீனியர். சட்டத்தில் இவ்வளவு தெளிவு இருக்கும் என்று வெள்ளைச்சாமி எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வக்கீல், சௌல்தாரி ஊர்ப்பக்கத்து நில வழக்குகளில் புலி. முழுக்க அக்கறையோடு கேட்டார்.

"விழுந்த இடம் பட்டாவா, கவர்மெண்ட் நிலமா?"

"சிமெண்ட் தரைங்க."

"அப்ப கட்டடம். கட்டடத்துல விழுந்தா நான் எடுக்கிறதில்ல."

மூன்றாவது ஷமா. ஜங்லிகாட்டில் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே ஆபீஸ், செங்குத்தாக இருபத்திரண்டு படி. வெள்ளைச்சாமி அண்ணாந்து பார்த்துவிட்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டார். மற்ற வக்கீல்கள் யாரும் செய்யாத ஒழுங்கீனத்தை ஷமா செய்தாள். கீழே இறங்கி வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட என்ன பேப்பர் இருக்கு அண்ணே?"

"ஒண்ணும் இல்லைம்மா. சம்பளம் கையில குடுப்பாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க."

"தொழிலாளின்னு காட்டணும், வேலையில விழுந்ததுன்னு காட்டணும். தமீம் சாட்சி சொல்வாரா?"

"அவனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கும்மா."

ஷமா துணிக்கடைக்காரர் மகள், பேரம் பார்த்து வளர்ந்தவள். யோசித்தாள். "சரி, நமக்கு என்ன வேணும்னு தெரியும். அவங்களுக்கு உங்ககிட்ட என்ன வேணும்?"

"என்கிட்ட என்னம்மா இருக்கு?"

பொன்னம்மா முந்தினாள். "ஏன், வாரா வாரம் தமீமு வந்து அந்தத் தகரத்தைக் கேக்குறானே! முதலாளி வீட்டுக்கு வந்து இவரு காலைப் பாத்துட்டு எடுத்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டேன். தண்ணிக் குடத்துக்கு மூடியா இருக்கு. அம்சமா உக்காருது."

"அரே பய்யா!" என்று ஆட்டோக்காரர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் வெயிட்டிங் சார்ஜ் பற்றிப் பேசவில்லை.

தகரத்துக்கு அவ்வளவு கிராக்கி வரக் காரணம் உண்டு. மெயின்லேண்டிலிருந்து 'பாதுகாப்புப் பண்பாட்டுக் கழகம்' விருது கொடுக்க வரவிருந்தது. அவர்கள் வருகிற நாளில் பலகை காட்ட வேண்டிய எண் 450. தகடுகள் அந்தக் கழகமே முத்திரை குத்தி அனுப்பியவை. முத்திரை இல்லாத எண் செல்லாது. மிச்ச ஐந்துகளை உப்புக் காற்று தின்றுவிட்டது. புதிது கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது.

"அடுத்த தடவை கேட்டா இல்லைன்னு சொல்லாதீங்கக்கா" என்றாள் ஷமா. "கம்பெனிப் பொருள், எழுத்துல கேட்டாத்தான் குடுப்பேன்னு சொல்லுங்க. எப்ப, எங்க, எப்படி உங்க கைக்கு வந்துச்சுன்னு விவரமா இருக்கணும்."

பொன்னம்மா அப்படியே சொன்னாள். முதலாளிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கம்பெனி உடைமையை மதிக்கத் தெரிந்த குடும்பம்! சொத்துரிமை விஷயத்தில் ஓட்டை இருக்கக் கூடாது என்று சீனியர் உதயசூரியனிடமே எழுதி வாங்கி, சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

'எங்கள் தொழிலாளி திரு. வெள்ளைச்சாமி, எங்கள் உத்தரவின்பேரில் எண் மாற்றும் பணியில் இருந்தபோது, காலை ஏழு மணிக்கு ஏணியிலிருந்து கீழே விழுந்து, ஆஸ்பத்திரிக்குச் செல்லுகையில், நிறுவனத்தின் உடைமையான ஐந்தாம் எண் தகட்டை உடன் கொண்டுசென்றுவிட்டார். உடனே திருப்பித் தரவும். விழுந்ததில் தகட்டுக்கு வளைவோ கீறலோ ஏற்பட்டிருப்பின் அதற்கு அவரே பொறுப்பு.'

பொன்னம்மா தகட்டைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். 450 ஜம்மென்று தொங்கியது. விருது வந்தது.

அடுத்த மாதம் இழப்பீட்டு அதிகாரி முன்னால் விசாரணை. உதயசூரியன் எழுந்தார். மனுதாரர் தொழிலாளியே அல்ல, ஆர்வலர். அவர் விழவில்லை, இறங்கினார். இதற்குப் பலகை சாட்சி, விருது சாட்சி. ஷமா ஒரே ஒரு தாளை நீட்டினாள். வாசித்துக்கொண்டே வந்த அதிகாரி, கையெழுத்து உங்களுடையதுதானா என்று முதலாளியிடம் இந்தியில் கேட்டார்.

"ஜி சாப்" என்றார் சிவபிரகாஷ், மனம் புண்பட்டவராக. "ஆனா அது தகடு விஷயமா எழுதினது. ஆளைப் பத்தி நாங்க ஒண்ணுமே எழுதலை."

அதிகாரி ஆளைப் பற்றி எழுதினார். விபத்து. இழப்பீடு தர வேண்டும். பதிவேட்டையும் பலகையையும் திருத்த வேண்டும்.

சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நிறுவனம் என்பதால், மறுநாள் காலையே சைபரை மாட்ட ஏற்பாடானது. ஏணி வந்தது. எட்டாவது படியில் நைலான் கயிறு புதிதாக, இந்த முறை பச்சை நிறத்தில். புது ஆள் ரய்யானிடம் முதலாளி மூன்று சைபர்களையும் நீட்டினார்.

"ஏறுப்பா. இது வேலை இல்ல, கௌரவம்."

ரய்யான் ஏணியைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். கையை நீட்டினான். ஆனால் தகட்டுக்காக அல்ல.

"லெட்டர் குடுங்க முதலாளி. எறங்குற வேகத்தையும் இப்பவே எழுதிருங்க."