நூற்றறுபது ஜிபிக்கு வரப்பு போட்ட விவரம்

அரும்பாவூர்,
14.5.2006

வணக்கத்துக்குரிய தர்மன் மாமாவுக்கு, அக்கா மகன் மணிமாறன் காலில் விழுந்து எழுதுவது. விழுந்த காரணம் கீழே வருகிறது. இங்கே அம்மா, அப்பா, வளர்மதி அக்கா, சின்ன வெங்காயம் எல்லாம் நலம். துபாயில் நீங்களும் நலமாக இருப்பீர்கள், குறைந்தபட்சம் இந்தப் பக்கத்தை முடிக்கும் வரை. இதைப் போனில் சொல்ல முடியாது. போன் நடுவீட்டில் இருக்கிறது. மெயில் அனுப்பலாமென்றால் பிரவுசிங் சென்டர்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று எழுத்துப் பிழை திருத்துகிறார். ஆகவே கடிதம்.

லப்பைக்குடிக்காட்டு பாய் லீவில் வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய ஹார்டு டிஸ்க் பத்திரமாக வந்தது. "இதுல என் மூணு வருஷ போட்டோ இருக்கு. இங்க வேற காப்பி கெடையாது. மிச்ச இடம் புள்ளைங்களுக்கு" என்று எழுதியிருந்தீர்கள். அந்த மிச்ச இடத்தில்தான் வினை. காலேஜ் புராஜெக்ட்டுக்கு முழுசும் வேண்டும் என்றாள் அக்கா. நான் பாட்டுக்குக் கேட்டேன். அவள் பாட்டுக்குக் கேட்காமல் இருந்தாள். சத்தம் கேட்டு, வெங்காய மூட்டை தைத்துக்கொண்டிருந்த அப்பா கோணி ஊசியோடு வந்துவிட்டார்.

"ஏன்டா அடிச்சுக்கிறீங்க? ரெண்டாப் பிரிச்சுடுங்க. நம்ம வழக்கம் தெரியும்ல? மூத்தவ வரப்பு போடணும், எளையவன் மொதல்ல எடுத்துக்கணும். அப்பத்தான் கோடு நேரா விழும்."

அக்கா அளந்து பார்த்தாள். அட்டையில் 160 ஜிபி, கம்ப்யூட்டரில் 149தான் காட்டியது. "பத்திரத்துல ஒன்னு இருக்கும், அளந்தா ஒன்னு இருக்கும், எல்லா ஊர்லயும் இப்படித்தான்" என்று அப்பா தேறுதல் சொன்னார். டிஸ்க் முழுசும் ஒரே பாகமாக இருந்ததால் அதை அழித்துவிட்டுத்தான் இரண்டாகப் போட முடியுமாம். "மாமா போட்டோவ நம்ம கம்ப்யூட்டருக்கு மாத்திட்டியாடா?" என்று அக்கா கேட்டாள். "அதெல்லாம் நேத்தே மாத்தியாச்சு" என்றேன். சத்தியமாக, மாற்றியதாகத்தான் நினைத்தேன்.

மவுஸைத் தட்டியதும் இங்கிலீஷில் ஒரு எச்சரிக்கை வந்தது.

"என்னடா கேக்குது?"

"உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும், சம்மதமான்னு கேக்குதுப்பா."

"பாகம் பிரிக்கிற எல்லாப் பத்திரத்துலயும் அப்படித்தான் மெரட்டி எழுதுவாங்க. ஒரு கையெழுத்துதான? போட்டு வுடு."

போட்டு விட்டேன். அக்கா ஆளுக்கு எழுபத்து நாலரையாக, முடி பிசகாமல் பிரித்தாள். வழக்கப்படி நான் முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் இருந்த உங்கள் போட்டோவைத் திறந்தேன். திறக்கவில்லை. மாமா, நான் மாற்றி வைத்தது போட்டோ இல்லை, ஷார்ட்கட்டாம், அதாவது அங்கே போகும் வழிகாட்டிப் பலகை. பலகை நிற்கிறது, ஊர் இல்லை. மூன்று வருஷம் நீங்கள் வெயிலில் நின்று எடுத்தது மூன்றே நொடியில் போயிற்று.

ஆனால் நான் விட்டுவிடுகிற ஆளா? அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றைச் சிடியில் வாங்கி வந்து ஓட விட்டேன். ஐந்து மணி நேர வேலை. முதல் நாள் நாற்பது சதவீதத்தில் கரண்ட் போனது. இரண்டாம் நாள் எழுபத்தொன்றில். மூன்றாம் நாள் தொண்ணூற்று மூன்றில் போனபோது நான் சொன்ன வார்த்தைக்கு அம்மா என் சாப்பாட்டை நிறுத்தினார். நான்காம் நாள் டிஸ்க்கோடு சிபியுவைச் சாக்கில் கட்டிப் பெரம்பலூர் பஸ் ஏறினேன். "சாக்குல என்ன, சேவலா?" என்றார் கண்டக்டர். "எங்க மாமாங்க" என்று வாயில் வந்துவிட்டது. அதற்கும் லக்கேஜ் போட்டார்.

அங்கே ஸ்டுடியோ வைத்திருக்கும் ராசாங்கம் அண்ணனிடம் யுபிஎஸ் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் 2,312 படங்களும் வந்துவிட்டன. நான் துள்ளிக் குதிக்கும்போது அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, கேட்டதுக்கு மேலயே வந்திருக்கு. ஒங்க மாமா அழிச்சுட்டு அனுப்புனதையும் சேத்துத் தூக்கிடுச்சு. நாப்பத்தாறு படம். இந்தப் பச்சைச் சுடிதார் யாரு?"

"மாமா கம்பெனி இன்ஜினியரா இருக்கும்ணே."

"இன்ஜினியரு எதுக்கு ஒங்க மாமாவுக்குக் கேக் ஊட்டி வுடுது?"

அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியும். மாமா, நிலைமை இதுதான்: விக்கிரமங்கலத்தில் அம்மா உங்களுக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டார். ஜூனில் நீங்கள் இறங்கிய மூன்றாம் நாள் வெற்றிலை மாற்றுகிறார்கள். அந்த நாற்பத்தாறையும் டிஸ்க்கிலிருந்து எடுத்துவிட்டேன். இதோடு இணைத்துள்ள சிடியில் மட்டுமே இருக்கின்றன. நீங்களே அம்மாவிடம் வாயைத் திறங்கள். அதுவரை கோணி ஊசியால் குத்தினாலும் நான் திறக்க மாட்டேன். இது மிரட்டல் இல்லை. ஆனால் வரும்போது ஒரு கேமரா போன் வாங்கி வந்தால் வேண்டாம் என்று சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை.

உங்களுக்கு நீண்ட ஆயுளும், தேவையான தைரியமும் கிடைக்க வேண்டி,
வாயில்லாப் பிள்ளை
மணிமாறன்

பி.கு.: மாமா, மன்னிக்கவும். கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். "குடுடா, நானும் ரெண்டு வரி எழுதிக்கிறேன்" என்று அம்மா பிடுங்கிக்கொண்டார். சிடி இப்போது அவரிடம்; மன்னிப்புக் கேட்க மட்டும் கடிதத்தைத் திருப்பித் தந்தார். இனி அவர் கையெழுத்து.

தம்பி தர்மனுக்கு அக்கா எழுதிக்கிறது. படிச்சேன். சிடியப் போடச் சொல்லி எல்லாத்தயும் பாத்தேன். மத்த ரெண்டாயிரம் படத்துலயும் பல்லுவலிக்காரன் மாதிரி நிக்கிற. இந்த நாப்பத்தாறுலதான் சிரிக்கிற. ஒரு வார்த்த சொல்லாம அழிச்சிருக்கியே, நான் என்ன புலியா? விக்கிரமங்கலத்துக்கு நாளைக்கே இவர அனுப்பிப் பக்குவமாச் சொல்லச் சொல்றேன். மணிமாறனுக்குப் போனு கீனு ஒன்னும் வாங்கிட்டு வராத. அந்தப் புள்ள பேரு என்னன்னு ஒடனே எழுது. பேரு தெரியாம எத்தன நாளைக்குப் பச்சச் சுடிதாருன்னே சொல்லிக்கிட்டு இருக்கிறது?