சித்தப்பாவின் கேட்டும் அப்பாவின் தாழ்ப்பாளும்

கடத்தூர்,
வியாழக்கிழமை, சாப்பாட்டு இடைவேளை.

பாசமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் உள்ள சித்தப்பா வெங்கடாசலம் அவர்களுக்கு, உங்கள் அண்ணன் அர்ச்சுனனின் கடைக்குட்டி கோகிலவாணி கும்பிட்டு எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே நீங்கள், சித்தி, ஜெயபிரியா அக்கா சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர் என்பதால், இன்று காலை நீங்கள் பதினோரு முறை தும்மியதை நானே எண்ணிவிட்டேன். ஆவி பிடிக்கவும். பக்கத்து வீட்டுக்கு எதற்குக் கடிதம் என்று நீங்கள் யோசிக்கலாம். "அந்த வூட்டு ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்பது ஆறு வருஷத்துக்கு முன் பாகம் பிரித்த அன்று அப்பா போட்ட சட்டம். எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நான் சட்டத்தை மதிக்கிறவள்.

விஷயம் உங்கள் கேட் பற்றியது. அது இன்று சாயங்காலம் இந்தக் கடிதத்தோடு வந்துவிடும். நாளை வெள்ளிக்கிழமை காலையில் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்குப் பென்னாகரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவதற்குள் மாட்டிவிடலாம். இதுவரை நல்ல செய்தி. இதற்கு மேல் படிப்பதென்றால் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நான் சிலம்பரசன் மாமாவின் பவுடர் கோட்டிங் பட்டறையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஏன் இருக்கிறேன் என்பதும் தெரியும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் போனிலிருந்து 'இன்று நம் வீட்டில் இலவச மோர்' என்று போட்டது நான்தான். நாற்பது பேர் வந்து நின்றார்கள். நீங்களும் சொம்போடு கிளம்பி, வாசல்வரை வந்து, அது யார் வீடு என்று ஞாபகம் வந்து திரும்பிப் போனதை மாடியிலிருந்து பார்த்தேன். அன்று சாயங்காலமே அப்பா, "பிளஸ் டூ ரிசல்ட் வர்ற வரைக்கும் இவளை உன் பட்டறையில வெச்சுக்கோ, கைக்கு வேலை குடுத்தா வாய் கொறையும்" என்று அம்மாவின் தம்பியிடம் என்னை ஒப்படைத்துவிட்டார். பெயரிலேயே வாணி இருக்கும்போது வாய் எப்படிக் குறையும்? எனக்குக் கொடுத்த வேலை உரிப்பு வேலை. புது வண்ணப் பவுடரைத் தூவி அடுப்பில் சுடுவதற்கு முன்னால் இரும்பில் இருக்கிற பழைய பெயின்டை எல்லாம் உரித்து எடுக்க வேண்டும். ரிமூவர் என்று ஒரு மருந்து. பிரஷ்ஷால் தடவிவிட்டுப் பத்து நிமிஷம் தள்ளி நின்றால், பெயின்ட் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வரும். பட்டித் தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, ஆசிடில் கழுவி, வெள்ளை இரும்பாக எடுத்து மாமாவிடம் காட்ட வேண்டும். கையுறை போடாமல் தொட்டால் தோலும் சேர்ந்து உரியும். முதல் நாளே ஒரு சொட்டு பட்டது. அதற்குப் பிறகு மாமா சொல்லாமலே கையுறை போடுகிறேன்.

போன வாரம் உங்கள் கேட் ஆட்டோவில் வந்து இறங்கியது. கேட் என்று சொல்வது மரியாதைக்கு. அது பாதி கேட். நம் பொது வாசலுக்குத் தாத்தா செய்து வைத்த இரட்டைக் கதவில், பாகம் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு கதவு என்று எடுத்துக்கொண்டீர்களே, அதில் வலது. இடது எங்களுடையது. தாழ்ப்பாள் எங்கள் கதவில் இருக்கிறது, அது போய் நுழைய வேண்டிய துளை உங்கள் கதவில் இருக்கிறது. ஆறு வருஷமாக அப்பா எங்கள் கதவை சைக்கிள் சங்கிலி போட்டுக் கல்லோடு கட்டுகிறார், நீங்கள் உங்கள் கதவை நைலான் கயிறு போட்டுத் தூணோடு கட்டுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் குள்ளம்மாள் அக்காவின் கறுப்பு ஆடு தினமும் பஸ் பாஸ் வைத்திருப்பதுபோல வந்து போகிறது.

உங்கள் கதவு போன இடம் அப்பாவுக்குத் தெரிய ஒரு நாள்கூட ஆகவில்லை. வாசலில் பாதி காணாமல் போனால் யாருக்குத்தான் தெரியாது? மறுநாளே எங்கள் கதவையும் கழற்றி மாமாவின் பட்டறையில் இறக்கிவிட்டார். கலர் என்ன என்று மாமா கேட்டதற்கு, "அவன் என்ன கலர் சொல்லியிருக்கானோ அதைவிட எடுப்பா ஒண்ணு" என்றார். மாமா உங்கள் ஆர்டரை எடுத்துப் பார்த்தார். அதில், 'பக்கத்து வீட்டு கேட்டைவிடத் தூக்கலான கலர்' என்று இருந்தது. மாமா இரண்டு சீட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டி வாணி, இதுல யாருக்கு மொதல்ல அடிக்கறது?" என்றார். "யாருக்கு அடிச்சாலும் அடி உங்களுக்குத்தான் மாமா" என்றேன். பவுடர் வாங்க ஓசூருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். என்ன கலர் வாங்கப் போகிறார் என்று அவருக்கே தெரியாது.

அதனால் இரண்டையும் நான்தான் உரித்தேன். சித்தப்பா, நீங்கள் இரண்டு பேரும் பேச்சைத்தான் நிறுத்தினீர்கள், பூச்சை நிறுத்தவே இல்லை. மருந்து போடப் போட ஒவ்வொரு கோட்டாக எழுந்து வருகிறது. உங்கள் கதவில் மேலே சாக்லேட், எங்களுடையதில் கிளிப்பச்சை. அதற்குக் கீழே உங்களுக்கு நீலம், எங்களுக்கு அதைவிடக் கறுத்த நீலம். அது முருங்கைமரக் கிளையை வெட்டிய வருஷம். அதற்கும் கீழே எங்களுக்குச் சிவப்பு, உங்களுக்கு ரத்தச் சிவப்பு; அது பஞ்சாயத்துக் குழாய் சண்டை. ஆறு வருஷத்துக்கு ஆறு கோட். யார் எந்தப் பொங்கலுக்கு எதற்குக் கோபப்பட்டீர்கள் என்பது வரிசையாக இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வரலாறு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. ஆறையும் சுரண்டிய பிறகு இரண்டு கதவிலும் ஒரே அலுமினிய பெயின்ட். அதற்கும் கீழே இரும்பு. சுரண்டிய தூசு மட்டும் ஒரு சிமென்ட் மூட்டை நிறைய வந்தது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு பொருளிலும் நம்பர் குத்திய தகர டோக்கனைக் கம்பியால் கட்ட வேண்டும். நான் கட்டவில்லை. கம்பி முறுக்கச் சோம்பல்பட்டு, காகித டேப்பில் உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் எழுதி, பக்கத்தில் ஆளுக்கொரு மீசையும் வரைந்து ஒட்டினேன். ரிமூவர் பெயின்டைத் தின்றதோடு மீசையையும் தின்றுவிட்டது. நான் சோறு தின்னப் போயிருந்தபோது காளி அண்ணன் வந்தார். சித்தேரி மலைக்காரர், போன மாதம்தான் பட்டறையில் சேர்ந்தார், நம் குடும்பக் கதை அவருக்குத் தெரியாது. சுவரில் சாய்ந்திருந்த இரண்டு வெறும் கதவையும் பார்த்தவர், எந்த நல்ல வேலைக்காரரும் செய்கிற காரியத்தைச் செய்தார். பட்டறையின் இரும்புச் சட்டத்தில் இரண்டையும் ஜோடியாக மாட்டி, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டுத் தள்ளிப் பார்த்திருக்கிறார். நான் திரும்பி வரும்போது நின்று முறைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இது தனியாத் தள்ளுனா போவ மாட்டேங்குது. கதவு தொங்கிப் போச்சு. அந்தப் பக்கம் ஒரு ஆளு தூக்கிப் புடிச்சாத்தான் தாழ்ப்பா உள்ள போவும். வா, புடி."

பிடித்தேன். சடக்கென்று போனது. ஆறு வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை.

"ஒரே வூட்டு கேட்டுதானே?" என்று காளி அண்ணன் கேட்டார்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சித்தப்பா, யோசித்துப் பார்த்தால் நான் சொன்னதும் உண்மைதான். "ஒரே வூடுதாண்ணா, நடுவுல ஒரு செவுரு இருக்கு, அவ்ளோதான்" என்றேன். "அப்போ ரெண்டுக்கும் ஒரே கலர்தானே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. அவர் மேலும் கீழும் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு கதவுக்கும் போதுமான அளவு பட்டறையில் இருந்தது ஒரே ஒரு பெட்டி பவுடர்தான். ஒரு ஜூஸ் கடை போர்டுக்கு வாங்கியதில் மிச்சம். மாம்பழ மஞ்சள். மாமா ஓசூரிலிருந்து வெறுங்கையோடு திரும்பும்போது இரண்டு கதவும் இருநூறு டிகிரி அடுப்பில் வெந்து, வெளியே வந்து, ஆறி, பழுத்த பங்கனப்பள்ளி மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தன. மாமா என்னைப் பார்த்தார், காளி அண்ணனைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார், பிறகு போய்த் தண்ணீர் குடித்தார். இனி மாற்ற வேண்டுமென்றால் மறுபடி உரிப்பு, மறுபடி ஆசிட், மறுபடி அடுப்பு. வேறு பவுடர் சனிக்கிழமைதான் வரும். மாப்பிள்ளை வெள்ளிக்கிழமையே வந்துவிடுவார். ஆகவே சித்தப்பா, உங்கள் கேட் மஞ்சள். எங்களுடையதும் மஞ்சள். எது தூக்கல், எது எடுப்பு என்று கேட்டால், இரண்டும் ஒரே அளவுக்குக் கண் கூசும்.

கலரைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நிச்சயத்தன்று தட்டு மாற்ற வேண்டியது குடும்பத்தில் மூத்தவர். அது அப்பா. நேற்று நீங்கள் உங்கள் பக்கத்தில் நின்று சித்தியிடம் பேசுகிற மாதிரி சுவரிடம், "பெரிய மனுஷன்னா அவராத் தெரிஞ்சு வரணும், நாம போயி கால்ல உழ முடியுமா?" என்றீர்கள். உடனே இந்தப் பக்கம் அப்பா அம்மாவிடம் பேசுகிற மாதிரி அதே சுவரிடம், "கூப்புடாத வூட்டுக்குப் போயி நிக்கறதுக்கு நானென்ன குள்ளம்மா ஆடா?" என்றார். அம்மா அப்போது வீட்டிலேயே இல்லை. ஜெயபிரியா அக்கா மாடிக்கு வந்து, கைப்பிடிச் சுவர் மேல் எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பெரியப்பா வராம யாருடி தட்ட மாத்துவாங்க? மாப்ளை வூட்ல கேட்டா, செவுரு மாத்தும்னு சொல்றதா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என் முழங்கைவரை ஈரம்.

ஆட்டு விஷயத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மனத்தில் அடைத்துக்கொண்டிருப்பது அதுதான் என்று அக்கா சொன்னாள். போன மாதம் பெண் பார்க்க வந்த அன்று அந்த ஆடு உள்ளே புகுந்து, தாம்பூலத் தட்டிலிருந்த வெற்றிலையையும் சித்தியின் தலையில் இருந்த பூவில் பாதியையும் தின்றது. உங்கள் கயிற்றை அவிழ்த்து ஆட்டை உள்ளே விட்டது அப்பாதான் என்று நீங்கள் ஊர் முழுக்கச் சொல்கிறீர்கள். சித்தப்பா, இது அநியாயம். அப்பா கோபக்காரர், வீம்புக்காரர், நாலு மாதமாக என் போனைப் பூட்டி வைத்திருக்கிறவர், எல்லாம் சரி. ஆனால் சொந்தத் தம்பி மகளின் நல்ல காரியத்தில், அவள் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை என்று தெரிந்தும், அவர் ஆட்டை ஏவிவிடுகிற ஆள் இல்லை. நைலான் முடிச்சு வெயிலில் தானாக வழுக்கும். இதைக் குலதெய்வம் முனியப்பன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். நான் எதில் விளையாடினாலும் முனியப்பனிடம் விளையாட மாட்டேன்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேட்டைப் பார்த்துக் கத்தாதீர்கள். இன்று சாயங்காலமே அப்பா பால் கறந்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, சித்தியோடு வெற்றிலை பாக்குத் தட்டு எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். இருபத்தொரு அடி தூரம்தான், நான் அளந்துவிட்டேன். "அண்ணா, வெள்ளிக்கெழம வந்து தட்டு மாத்திக் குடு" என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்டால் அவர் முதலில் திட்டுவார், பிறகு அம்மாவிடம் பட்டு வேட்டி எங்கே என்று கேட்பார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் தாழ்ப்பாளைத் தள்ளட்டும், நீங்கள் உங்கள் கதவைத் தூக்கிப் பிடியுங்கள். ஒருவர் மட்டும் செய்தால் அது போகாது, நான் பத்து முறை செய்து பார்த்துவிட்டேன். ஆடு வெளியே நிற்கும், விசேஷத்துக்கு வாசலில் கட்டுகிற வாழைமரம் தப்பிக்கும். இந்தக் கடிதம் அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் எழுதக் கூடாது என்றும் சட்டம் வந்துவிடும்.

சித்திக்கு என் அன்பு. அக்காவுக்கு ஒரு முத்தமும், மாப்பிள்ளையின் தம்பிகள் யாராவது பிளஸ் டூவில் என்னைவிடக் குறைவாக மார்க் எடுப்பார்களா என்ற விசாரிப்பும். உங்கள் தும்மல் நின்று, கோபம் குறைந்து, நீங்கள் நூறு வருஷம் இரட்டைக் கதவோடு வாழ முனியப்பனை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் கதவின் கீலில் கம்பியால் முறுக்கிக் கட்டி அனுப்புகிறேன். இப்போது நன்றாகவே கட்ட வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் பேச்சு வார்த்தை இல்லாத, எழுத்து வார்த்தை உள்ள மகள்,
கோகிலவாணி

பின்குறிப்பு: கம்பி முறுக்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா கேட்டைப் பார்க்கப் பட்டறைக்கு வந்துவிட்டார். மஞ்சளைப் பார்த்து நின்றுவிட்டு, "கையில என்னடி?" என்றார். எல்லாப் பக்கமும் படித்தார். ஆடு வருகிற இடத்தை இரண்டு முறை படித்தார். பிறகு என் பேனாவைப் பிடுங்கி, கீழே இருப்பதை அவரே எழுதினார். நான் ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

டேய் வெங்கடாசலம். மஞ்சள் கேவலமா இருக்கு. ஆனா வெளிச்சமா இருக்கு. நீ தட்டு எடுத்துக்கிட்டு வர வேணாம், எனக்குக் கோவம் இன்னும் போவல. எத்தனை மணிக்குத் தட்டு மாத்தறதுன்னு மட்டும் எழுதி அனுப்பு, வந்துடறேன். வாழைமரம் ஒண்ணு என் பக்கம் கட்டணும். கதவை நல்லாத் தூக்கிப் புடி, சின்ன வயசுல இருந்தே உனக்குக் கையில பலம் பத்தாது. பாப்பா முனியப்பன் மேல ஆணை வெச்சிடுச்சு, அதனால இதையும் எழுத வேண்டியிருக்கு. ஆட்டை விட்டது நான்தான்.

அர்ச்சுனன்