கலியபெருமாள் வீட்டுக்குப் போன பெட்டி

பொதுச்சேவைக்கு வருகிறவனுக்கு ஆர்வம் கொஞ்சம் குறைவாக இருப்பது ஊருக்கு நல்லது. எனக்கு அது நிறையவே இருந்தது. உரக்கடை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த என்னை எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்தில் சேர்த்தார்கள். சேர்ந்த வருடமே செயலாளராகவும் ஆக்கினார்கள். (வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

திருவையாற்றுப் பக்கம், காவிரியை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. சங்கம் அதற்குக் காலம் காலமாக ஏதேதோ செய்து வந்திருக்கிறது. வருடந்தோறும் கண் சிகிச்சை முகாம் நடக்கும். ஆற்றங்கரையில் நட்ட மரக்கன்றுகளை ஆடுகள் ரொம்பவும் விரும்பி ஏற்றுக்கொண்டன. கட்டிக்கொடுத்த நிழற்குடையில் பேருந்தைத் தவிர எல்லாம் நிற்கும். டிரைவர்கள் பழைய புளியமரத்தடியில்தான் நிறுத்துவார்கள். அதே சங்கம்தான் ஒரு புயலில் ஊரின் கூரைகள் பறந்தபோது தார்ப்பாயும் அரிசியும் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வீடு வீடாகப் போனது. அதைப் பார்த்துத்தான் நானும் சேர்ந்தேன்.

என் காலத்தில் வாங்கியது ஐஸ் பெட்டி. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தகப்பன் கண்ணை மூடினால், மகன் விமானம் பிடித்து வந்து முகம் பார்க்கும்வரை உடலை வைத்திருக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வாடகைப் பெட்டி வந்து சேர்வதற்குள் வீட்டார் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, சங்கமே சொந்தமாக ஒன்று வாங்கியது. யார் கேட்டாலும் இலவசம். கொண்டுபோய் வைப்பது செயலாளரின் பொறுப்பு.

பெட்டி வந்த சில நாட்களில் முதல் அழைப்பு வந்தது. காலையில் கடை திறந்துகொண்டிருந்தேன்.

"அண்ணே, கலியபெருமாள் தவறிட்டாருண்ணே. பையன் சிங்கப்பூர்லேர்ந்து நாளைக்குத்தான் வர்றான். பெட்டி வேணும்."

போன் செய்த இளைஞனால் அதற்குமேல் பேச முடியவில்லை. அழுகையோடு போன் நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் அப்போது இரண்டு கலியபெருமாள்கள் இருந்தார்கள். கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சொசைட்டி கலியபெருமாள். சொந்தமாக டிராக்டர் வைத்து ஊர் வயலையெல்லாம் உழுதவர் டிராக்டர் கலியபெருமாள். ஒரே வயது. இருவருக்கும் சிங்கப்பூரில் மகன். அதற்கு முந்தின மாதம்தான் சொசைட்டி கலியபெருமாளுக்கு இருதய ஆபரேஷன் நடந்திருந்தது. எனவே நான் யோசிக்கவே இல்லை.

என் மனைவி மட்டும் கேட்டாள். "எந்தக் கலியபெருமாள்னு கேட்டீங்களா?"

"துக்க வீட்டுல கேக்குற கேள்வியா இது?" என்று அவளை அடக்கினேன்.

பிறகு சொசைட்டியின் படத்தைத் தேடி எடுத்து, 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெரிய ரோஜா மாலை ஒன்று வாங்கினேன். குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றி, கண்ணாடி உடையாமல் அதைக் கட்டிப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் செல்வம் மெதுவாக ஓட்டினான்.

சொசைட்டி வீட்டில் பந்தல் இல்லை. கூட்டம் இல்லை. சங்குச் சத்தம்கூட இல்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கண்ணீர்தான் வந்தது. 'இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒருத்தர்கூட வரவில்லையே' என்று நினைத்துக்கொண்டே, செல்வமும் நானுமாகப் பெட்டியை இறக்கி வாசலில் வைத்தோம்.

அவர் மனைவி சரோஜாம்மா வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்ததும் "ஐயோ" என்று அலறினார்.

"மனசைத் தேத்திக்குங்கம்மா. எல்லாருக்கும் ஒருநாள் இருக்கு" என்றேன்.

"யாரு சரோஜா?" என்று கேட்டபடி, நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொசைட்டி கலியபெருமாள் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என் கையிலிருந்த மாலையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"சங்கத்துலேர்ந்து வர்றோம்ங்க" என்றேன்.

அக்கம்பக்கம் கூடிவிட்டது. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். "உசுரோட இருக்குற மனுசனுக்குப் பெட்டி கொண்டாந்திருக்கியே, நீ நல்லா இருப்பியா?" என்று சரோஜாம்மா மண்ணை வாரித் தூற்றத் தயாரானார். அந்த நேரத்தில் உள்ளே போன் அடித்தது. என் இரங்கல் செய்தி எனக்கு முன்னால் சிங்கப்பூர் போயிருந்தது. மகன் கதறுவது வாசல்வரை கேட்டது. சொசைட்டியே போனை வாங்கிக்கொண்டார்.

"டேய், நான்தான்டா. அப்பாதான் பேசுறேன். ஒண்ணுமில்ல, அழுவாத. சாப்ட்டியா?"

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என் காலரைப் பிடித்தவரைக் கையமர்த்தினார்.

"சரி, இது எனக்கில்ல. அப்ப யாருக்கு?"

சரோஜாம்மாவின் திட்டு சட்டென்று நின்றது. அந்த மௌனத்தையாவது நான் புரிந்துகொண்டிருக்கலாம். "கலியபெருமாளுக்குன்னுதான் சொன்னாங்க" என்றேன்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "அவன் மவளைப் பாக்கத் திருவாரூர் போயிருக்கான்னியே?"

சரோஜாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடியற்காலையிலிருந்து தெருவே சேர்ந்து சொசைட்டியிடமிருந்து மறைத்த டிராக்டரின் சாவுச் செய்தியை, நான் மாலையோடு கொண்டுவந்து இறக்கியிருந்தேன்.

அவர் அழவில்லை. தரையைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு கலியபெருமாளுக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வாத்தியார் பேரைக் கூப்பிட்டால் இருவரும் எழுந்து நிற்பார்களாம். ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து டிராக்டர் தினமும் சாயங்காலம் வந்து அவரோடு உட்கார்ந்திருப்பாராம். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது.

"சட்டையை எடு" என்றார்.

"வேணாங்க, டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவன் போறப்ப நான் வூட்ல உக்காந்திருக்கவா, சரோஜா?"

சரோஜாம்மா சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். சொசைட்டி அதைப் போட்டுக்கொண்டு குட்டியானையின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நானும் பெட்டியும் பின்னால். டீக்கடை ஓரம் போனபோது, வாட்ஸ்அப்பைப் பார்த்திருந்த ஒருவர் பெட்டிக்கு மரியாதையாக எழுந்து கைகூப்பினார். முன்சீட்டில் இருந்தவர் பதிலுக்குக் கைகூப்பினார். அந்த மனிதர் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டிராக்டர் வீட்டில் பந்தல் போட்டிருந்தது. எங்களைக் கண்டதும் பெண்களின் அழுகை கூடியது. உடலைப் பெட்டியில் வைத்து முடிக்கும்வரை சொசைட்டி தலைமாட்டிலேயே நின்றார். பிறகு என்னிடம் கை நீட்டினார்.

"அந்த மாலையைக் குடு தம்பி. எனக்குன்னு வாங்கினதுதானே. நானே போடுறேன்."

போட்டார். மூடியை மூடியதும் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு, "நேத்தும் எனக்கு மாத்திரை எடுத்துக் குடுத்துட்டுத்தானேடா போன" என்றார். அப்போதுதான் அழுதார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அன்று காலையிலிருந்து நான் அவசரப்படாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் டிராக்டரின் மகன் வந்து முகம் பார்த்தான். காவிரிக்கரை வரைக்கும் சொசைட்டி கூடவே வந்தார். அவர் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்தான் எங்கள் எல்லாரையும் சேர்த்துத் திட்டினார். சில வாரம் கழித்து சொசைட்டியே சங்கத்தில் வந்து சேர்ந்தார். "சொல்லியிருக்கவே மாட்டாங்க தம்பி. நீ தப்பா வந்ததாலதான் நான் போனேன்" என்று என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. இப்போது பெட்டிக்கான அழைப்பெல்லாம் அவருக்குத்தான் போகிறது. யார், எந்தத் தெரு, யாருடைய மகன் என்று கேட்ட பிறகுதான் வண்டி கிளம்பும்.

எனக்கு மட்டும் விடுதலை இல்லை. திருவிடைமருதூரில் என் மாமனாருக்கு லேசாகக் காய்ச்சல் என்றால்கூட மாப்பிள்ளை என்ற முறையில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் பைக் சத்தம் கேட்டதும் மனிதர் படுக்கையிலிருந்து எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசலில் வேக வேகமாக நடக்க ஆரம்பித்துவிடுகிறார்.

"நல்லாத்தான் இருக்கேன் மாப்ள" என்கிறார், எனக்குப் பின்னால் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு. "நீங்க தனியாத்தானே வந்தீங்க?"