தீக்குச்சி வைத்த இணைப்பு

லேப்டாப்பின் விலாவில் இருந்த ஓட்டைக்குள் டெலிபோன் ஒயர் போகத்தான் செய்தது. போய், உள்ளே லொடலொடவென்று ஆடியது. அழகையா வெளியே இழுத்து ஊதிப் பார்த்தார், வேட்டி நுனியால் துடைத்தார், மறுபடி செருகினார். கையை எடுத்ததும் ஒயர் வழுக்கிக்கொண்டு வந்து மேஜையில் விழுந்தது.

“ஒச்சம்மா, ஒரு தீக்குச்சி கொண்டா.”

“புது சாமானைக் கொளுத்தப் போறீங்களா?”

“மருந்தைக் கிள்ளிட்டுக் கொண்டா.”

அழகையா மின்சார இலாகாவில் காலமெல்லாம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். போர்ட் பிளேரில், அதுவும் லம்பா லைனில், பாதி வீட்டு பிளக்குகள் அவர் சொருகிய தீக்குச்சியில்தான் நிற்கின்றன என்று கேலியாகச் சொல்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

குச்சியை வைத்ததும் ஒயர் நின்றது. இணைப்புக் கொடுக்கும் பொத்தானைத் தட்டினார். திரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு கட்டத்துக்குள் இங்கிலீஷில் என்னவோ சொல்லி ஒரு நம்பரையும் காட்டியது. இங்கிலீஷை விட்டுவிட்டு நம்பரை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார். ஒயரைப் பிடுங்கி டெலிபோனில் மாட்டி, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இருப்பது ஒரே லைன். அதை கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் மகன் கூப்பிட முடியாது.

மணி அடித்தது. ஒச்சம்மா அடுப்படியிலிருந்து வருவதற்குள் எடுத்துவிட்டார்.

“அப்பா, வந்துச்சா?”

“எழுநூத்தித் தொண்ணூத்தியேழுன்னு போடுதுடா.”

“ஓ… அதுவா. ஒயர் சரியா உட்காரலைன்னு நினைக்கிறேன். நல்லா அழுத்தி வெச்சீங்களா?”

“தீக்குச்சி வெச்சிருக்கேன்.”

“தீக்குச்சி நல்ல ஐடியாப்பா. அது அப்படியே இருக்கட்டும். நாளைக்கு வேற ஒண்ணு பார்க்கலாம்” என்றான் பாலகுமார்.

இந்த ‘நாளைக்கு’ என்ற வார்த்தைக்கு அந்த வீட்டில் என்ன விலை என்று வெளியாருக்குத் தெரியாது. இந்த லேப்டாப் வரும்வரை அப்பாவும் மகனும் நாலு வருஷமாகப் பேசிக்கொண்டதே இல்லை.

சுனாமி அன்று டெலிபோன்களெல்லாம் செத்துப்போயின. சென்னையில் இருந்த பாலகுமார், பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் தவித்து, கிடைத்த முதல் கப்பலைப் பிடித்து ஓடி வந்தான். வந்து இறங்கியவன் பார்த்தது, ஏணி வைத்துக் கம்பத்தில் ஏறி லைன் இழுத்துக்கொண்டிருந்த அப்பாவை. “கிளம்புங்க, மெயின்லேண்டுக்குப் போயிரலாம்” என்றான். “ஐலேண்டே இருட்டாக் கெடக்கு, நான் எங்கடா வர்றது?” என்றார் அவர், கம்பத்தில் இருந்தபடியே. வார்த்தை தடித்தது. “நீங்க செத்துட்டீங்கன்னு அழுதுட்டு வந்திருக்கேன். இனிமே உங்ககூட எனக்குப் பேச ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிவிட்டான். இரண்டுமே அழுத்தக்கார ஜென்மங்கள், யார் முதலில் இறங்கி வருவது?

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை மட்டும் கூப்பிடுவான். மணி அடித்ததும் அழகையா எழுந்து கொல்லையில் தென்னைமரம் பார்க்கப் போய்விடுவார். காது மட்டும் வீட்டுக்குள் இருக்கும். “அவர் நல்லாத்தான் இருக்காரு” என்று ஒச்சம்மா சொல்வது கேட்டால், அவன் விசாரித்தான் என்று அர்த்தம். அது கேட்டபிறகுதான் உள்ளே வருவார். அவர் அவனுக்காக ஏங்கினார். அதை ஒச்சம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த நிலைமையில்தான் சென்னைக் கப்பலில் சமையல் கட்டில் வேலை பார்க்கும் நாகலிங்கம் ஒரு பெட்டியோடு வந்தார். “உங்க மகன் வாங்கிக் குடுத்து விட்டுருக்கான். தபால், போட்டோ எல்லாம் இதுலயே வருமாம். ‘அப்பா கனெக்‌ஷன் குடுத்துருவாரு’ன்னு சொன்னான்” என்று வைத்துவிட்டு, சரக்கு ஏற்றும் அவசரத்தில் ஓடிவிட்டார். அன்று சாயந்திரமே போன் வந்தது. ஒச்சம்மா கேட்டுவிட்டு, சுட்ட கிழங்கைப் பிடித்ததுபோல் ரிசீவரை இரண்டு கைக்கும் மாற்றி மாற்றிப் பிடித்தாள். “என்னங்க… உங்ககிட்ட குடுக்கச் சொல்றான்.”

அன்றிலிருந்து தினமும் பேசுகிறார்கள். கம்ப்யூட்டர் விஷயம் மட்டும்தான். அது போதாதா?

மறுநாள் பாலகுமார், “வெளிய லைன்ல எங்கயாவது கோளாறு இருக்குமோ?” என்று சந்தேகப்பட்டான். கம்பி விஷயத்தில் அழகையாவிடம் யாரும் இரண்டு தடவை கேட்க வேண்டியதில்லை. சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தார். பக்கத்து வீட்டு ரெங்கம்மாவுக்கும் அதே பெட்டிதான். பழைய முறுக்குகளைப் பிரித்து, தன் கைப்பக்குவத்தில் புதிதாக முறுக்கி மூடினார்.

சாயந்திரம் போன் அடிக்கவில்லை. ரெங்கம்மா வீட்டில் அடித்தது.

“அண்ணே! உங்க மகன் எங்க வீட்டு போன்ல வந்து ‘அம்மா எங்க’ன்னு கேக்குறான்!”

அழகையா ஓடிப்போய் அவள் வீட்டில் நின்றபடி பேசினார். அதே நேரத்தில் ஒச்சம்மாவின் போன் அடித்தது. தூத்துக்குடியிலிருந்து ரெங்கம்மாவின் அண்ணன். எடுத்தது யார் என்று கேட்காமலே ரெங்கம்மாவின் நாத்தனாரைப் பற்றியும், விற்கப்போகும் வீட்டைப் பற்றியும் கொட்டித் தீர்த்தார். நடுவில் நிறுத்தி ‘நான் அவ இல்லை’ என்று சொல்ல ஒச்சம்மாவுக்கு மனசு வரவில்லை. கேட்ட விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. கருவேப்பிலை வாங்க வந்த ரெங்கம்மாவிடம், “வீட்டை இப்ப விக்காதீங்க” என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் ரெங்கம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை.

லைன்மேன் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “யே கிஸ்னே கியா?” என்றார்.

“யாரு பண்ணினாங்களோ தெரியலை சாப்” என்றார் அழகையா, முப்பது வருஷ சர்வீஸைக் காப்பாற்றிக்கொண்டு.

எல்லாவற்றையும் மாற்றிக் கட்டிய லைன்மேன், “லைன் ஏக்தம் டீக் ஹை” என்று சொல்லிவிட்டுப் போனார். லைன் சரியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் அதே எழுநூற்றுத் தொண்ணூற்றேழையே காட்டிக்கொண்டிருந்தது.

“ஃபிரிட்ஜ், டி.வி. ஓடினாக்கூட சில சமயம் தொந்தரவு இருக்கும்ப்பா” என்றான் பாலகுமார் அடுத்த நாள். அழகையா ஃபிரிட்ஜை நிறுத்தினார், டி.வி.யை நிறுத்தினார், மறந்தும் போனார். மறுநாள் காலையில் ஒச்சம்மா ஃபிரிட்ஜைத் திறந்தாள். இரண்டு நாளைக்கு வாங்கி வைத்த சூரை மீன், வாசல் வரை வந்து வரவேற்றது.

“அமெரிக்காக்காரனுக்கெல்லாம் போன்லயே கம்ப்யூட்டரைச் சரி பண்ணிக் குடுக்குறதுதானே உங்க மகனுக்கு வேலை? அவங்களுக்குப் பத்து நிமிஷத்துல ஆகுறது நமக்கு ஏன் ஆகலை?”

“இது ஐலேண்டு. அரிசியே கப்பல் வந்தாத்தான். இதெல்லாம் மெதுவாத்தான் வரும்.”

“மீன் மட்டும் சீக்கிரம் கெட்டுருது” என்று சொல்லிவிட்டு அவள் மீனைப் புதைக்கப் போனாள்.

ஆனால் அன்று சாயந்திரம் அந்த மீன் கதையைச் சொல்லப்போய், பேச்சு கம்ப்யூட்டரை விட்டு வெளியே வந்துவிட்டது. சூரைக் குழம்பு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்றான் பாலகுமார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். ராத்திரி லேசாக நிலம் ஆடியதாமே, டி.வி.யில் போட்டார்களே என்றான். “ஆடுச்சு. கட்டில் கொஞ்சம் நகர்ந்துச்சு. நகர்த்திப் போட்டுப் படுத்துட்டோம்” என்றார். அவன் சண்டை போடவில்லை. ரிசீவரை வைத்தபிறகு அழகையா வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்த பயம் வந்தது. இந்தச் சனியன் பிடித்த மிஷின் ஒருநாள் வேலை செய்துவிட்டால்?

பயத்தைச் சோதிக்கவென்றே மறுநாள் ரெங்கம்மாவின் மகள் சித்ரா வந்து நின்றாள். ஏர்போர்ட் ரோட்டில் பிரௌசிங் சென்டரில் வேலை பார்க்கிற பெண். “மாமா, அதை என்கிட்ட குடுங்க. சென்டருக்கு எடுத்துட்டுப் போய் அஞ்சு நிமிஷத்துல என்னன்னு பார்த்துச் சொல்லிடறேன்.”

அழகையா லேப்டாப்பை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

“வேணாம்மா. இதை அலுங்காம வெச்சிருக்கேன். தீக்குச்சி நகர்ந்துடும்.”

“தீக்குச்சியா?”

“அது எங்க டிபார்ட்மெண்ட் முறை.”

அவள் ஒச்சம்மாவைப் பார்த்தாள். ஒச்சம்மா கண்ணாலேயே ‘போயிடு’ என்றாள்.

அன்று சாயந்திரம், எதற்கும் இருக்கட்டும் என்று, தீக்குச்சியைத் தானே பாதி வெளியே இழுத்துவிட்டு, “இன்னும் அதே நம்பர்தான்டா” என்றார் அழகையா. மகனை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. இருந்தாலும் அந்தக் குறுகுறுப்போடு நன்றாகத்தான் சாப்பிட்டார்.

“எர்த் சரியா இருக்காப்பா?” என்றான் பாலகுமார்.

“என்ன கேட்டே?”

“எர்த். அது எப்படிப் போடணும்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்.”

அழகையா நிமிர்ந்து உட்கார்ந்தார். அரைமணி நேரம் சொன்னார். குழி எவ்வளவு ஆழம், கரியும் உப்பும் எப்படி மாற்றி மாற்றிப் போட வேண்டும், தீவு மண்ணுக்கு ஏன் உப்பைக் குறைக்க வேண்டும், எல்லாம். அவன் ‘ம்’ போட்டுக் கேட்டான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள்கூட அவன் இப்படிக் கேட்டதில்லை.

விடிந்ததும் கடப்பாரையோடு கொல்லையில் இறங்கினார். கரி தயார், உப்பு தயார். குழி இடுப்பளவு போனதும் ‘டங்’ என்றது. கல் என்று நினைத்து இன்னொரு போடு போட்டார். கல் இல்லை. அந்த வீட்டு வரிசைக்கே தண்ணீர் கொண்டுபோகும் குழாய். அன்றைக்கென்று தண்ணீர் விடும் நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். பீறிட்டு அடித்த தண்ணீர் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, கரியைக் கரைத்துக்கொண்டு, ரெங்கம்மா வீட்டு வாசல் பக்கம் கறுப்பாக ஓடியது.

“அரே பாப் ரே! பானி பூரா போகுதே!” என்று கோபத்தையெல்லாம் மறந்து ரெங்கம்மா குடத்தோடு வந்தாள். அவள் பின்னால் வரிசையே வந்தது. ஆளுக்கொரு மொழியில் திட்டினார்கள். அழகையாவுக்கு எல்லா மொழியும் புரிந்தது.

சாயந்திரம் போனில் நடந்ததைச் சொன்னார். தலை முதல் கால் வரை கரியோடு நின்றதையும், ஒச்சம்மா தன்னை அடையாளம் தெரியாமல் ‘யாருப்பா நீ’ என்று கேட்டதையும் சொன்னார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தார். அப்புறம்தான் தெரிந்தது, பாலகுமார் சிரித்துக்கொண்டிருந்தான். மூச்சு முட்ட, விக்கி விக்கி, சின்ன வயதில் சிரிப்பதுபோல. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பு மாதிரியும் இல்லை.

“அப்பா” என்றான். “பார்த்து இருங்கப்பா.”

“சரிடா” என்றார் அவர்.

கப்பல் போய்த் திரும்பி வந்தது. நாகலிங்கம் சாவகாசமாக வந்து காபி குடித்தார். மேஜையில் லேப்டாப், ஒயர் இல்லாத ஓட்டையில் தீக்குச்சி மட்டும். குனிந்து பார்த்தார்.

“என்னண்ணே, இன்னும் முடியலையா?”

அழகையா அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாகலிங்கம், உன்கிட்ட மட்டும் சொல்றேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு அஞ்சு நிமிஷத்துல பார்த்துத் தர்றேன்னா. நான்தான் குடுக்கலை. இது சரியாயிட்டா அவன் எதுக்குப் போன் பண்ணுவான்? அதான் தீக்குச்சியை உருவி உருவி நாளை ஓட்டிக்கிட்டு இருக்கேன். பாவம், அவனும் தெனம் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிறான். நான் ஏமாத்துறது தெரிஞ்சா மனசு விட்டுப்போயிடும். சொல்லிடாத.”

நாகலிங்கம் காபி டம்ளரைக் கீழே வைத்தார். எதையோ சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல் மீசையைத் தடவினார். டெலிபோன் மணி அடிக்க ஆரம்பித்தது. அழகையா எழுந்தார்.

“அண்ணே, அன்னைக்குக் கடையில நானும்தானே கூட நின்னேன். ‘தம்பி, இதுல டெலிபோன் ஒயர் மாட்டவே வழி கிடையாது, உங்க ஊருக்குன்னா வேற மாடல்தான் எடுக்கணும்’னு கடைக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னான், உங்க மகன்தான், ‘அப்ப எனக்கு இதையே கட்டுங்க’ன்னான்.”