கீரி வைத்தியரும் ஒன்பதாவது கேள்வியும்

ஒரு காட்டில், அதுவும் காப்புரிமை அலுவலகம் வரைக்கும் வளர்ந்துவிட்ட காட்டில், அரங்கசாமி என்றொரு கீரி வைத்தியர் இருந்தார். அவர் மனைவி தையலுக்கு மறதி நோய். முதலில் பாம்பைப் பார்த்து வாங்க, உட்காருங்க என்றாள். சரி, மரியாதை தெரிந்தவள் என்று விட்டார். அப்புறம் கட்டிய புருஷனையே யாரென்று கேட்டாள். பாவம், ஆடிப்போய்விட்டார்.

மூன்று வருஷம் காடெல்லாம் தோண்டி, மூளையில் புது செல் முளைக்கவைக்கும் வேர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அரைத்துக் கொடுத்த பத்தாம் நாள் தையல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க, மீசையெல்லாம் மண்ணு?"

அந்த ஒரு 'என்னங்க'வுக்கு அரங்கசாமி அழுதே விட்டார்.

வேரை வேறு யாரும் சொந்தம் கொண்டாடிவிடக் கூடாதே என்று காப்புரிமைக்கு ஓடினார். அதிகாரி ஓர் ஆமை. விண்ணப்பத்தை ஒரு மாசம் படித்து ஒன்பதாவது கேள்விக்கு வந்தது. இந்த மருந்து ஏற்கெனவே யாருக்காவது தெரியுமா?

சாப்பிட்டவளுக்குத் தெரியும், எந்தப் புதரில் பிடுங்கியது என்பதுவரை ஞாபகம் வைத்திருக்கிறாள் என்றார் கீரி, பெருமை தாங்காமல்.

"அப்போ இது புதுசு இல்ல. தள்ளுபடி" என்றது ஆமை.

வரிசையில் அடுத்து நின்றது நரி. அதன் மறதி மருந்து வெறும் இலவம்பஞ்சு உருண்டை. விழுங்கிய பன்னிரண்டு நோயாளிகளுக்கும் விழுங்கியதே ஞாபகமில்லை. ஒன்பதாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் உண்டா? முத்திரை விழுந்தது. அன்றுமுதல் காட்டில் மறதி தீர முளைக்கும் மூளை செல் அத்தனையும் நரியின் சொத்து. செல்லைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாததால், அனுமதியில்லாமல் குணமானவர்களை முழுசாக நரியின் கிடங்கில் ஒப்படைக்க வேண்டுமாம்.

மறுநாளே நரியும் ஆமையும் வீட்டுக்குச் சோதனைக்கு வந்துவிட்டார்கள். அரங்கசாமி தையலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஆமை அவரைக் காட்டி, இவர் யாரென்று தையலிடம் கேட்டது.

தையல் நிதானமாகப் பார்த்தாள். "தெரியலீங்களே. அண்ணே, நீங்க எந்த ஊரு?"

நோய் அப்படியே இருக்கிறது, திருப்தி என்று எழுதிக்கொண்டு இருவரும் போனார்கள்.

தையல் கதவைச் சாத்தினாள். "இனி இப்படித்தாங்க. உங்கள மறந்தவளா இருந்தாத்தான் உங்ககூட இருக்க முடியும். நான் அண்ணேன்னு கூப்பிட்டா, முகத்தைத் தூக்கி வச்சுக்காம என்னம்மான்னு கேளுங்க."

அரங்கசாமி எழுந்து தாழ்ப்பாளையும் போட்டார். பிறகு, "சரிம்மா" என்றார்.

நீதி: கட்டிய புருஷனை அடையாளம் தெரிய மூளை மட்டும் போதாது, உரிமமும் வேண்டும். அது கைக்கு வரும்வரை எல்லோரும் அண்ணன் தங்கைதான்.