நான் கடலில் போட்ட சிறப்புப் பதிப்பு

மழை பெய்த மறுநாள் காலையில் கடைவாசலில் ஊறிக் கிடக்கும் அட்டைப்பெட்டிக்கு ஒரு வாசம் உண்டு. பாதி கோந்து, பாதி காகிதம், கொஞ்சம் நாய். அந்த வாசம் வந்தால் எனக்கு இன்றும் காது சூடாகிவிடுகிறது. (மண்வாசனை பற்றி உருகி உருகி வசன கவிதை எழுதியவன்தான் நானும். அது வேறு காலம்.)

காரணம் ஒரு பேய்ப்படம். பெயர் ‘உப்பளத்து விளக்கு’. நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் பக்கத்துக் கடற்கரை உப்பளங்களில் எடுத்தார்கள். வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. அப்புறம் வீடியோ கேசட்டில் மறுபிறவி எடுத்தது. செங்கல்பட்டில் எங்கள் தெருமுனைக் கடையில் இருந்த ஒரே கேசட்டை ஊரே பார்த்துத் தேய்த்ததில், படத்தில் இருட்டு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்த இருட்டை நான் காதலித்தேன். உப்புக் குவியல்கள் பல் மாதிரி வெளுத்துத் தெரியும். தூரத்தில் ஒரு லாந்தர் ஆடும். பிறகு நாயகியின் மடியில் உருண்டையாக ஏதோ ஒன்று. அது என்னவென்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பூசணிக்காய்.

அந்தப் பூசணிக்காயைப் பற்றி ஒரு சிற்றிதழில் நீண்ட கட்டுரை எழுதினேன். திருஷ்டிக்கு நடுரோட்டில் உடைபட வேண்டிய காயை ஒரு பெண் மடியில் வைத்துத் தாலாட்டுகிறாள் என்றால், அது மனித குலத்தின் உடைபடாத ஏக்கம் என்று நிறுவியிருந்தேன். யாரும் மறுக்கவில்லை. (யாரும் படிக்கவில்லை என்பதும் ஒரு விளக்கம்.)

இத்தனை வருடம் கழித்து, பழைய படங்களின் மேல் பித்துப் பிடித்த சிலர் சேர்ந்து அந்தப் படத்தின் நெகட்டிவைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, ப்ளூ-ரேயில் சிறப்புப் பதிப்பாகக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார்கள். கூடவே ஒரு சிறு புத்தகம். அதில் என் பூசணிக்காய்க் கட்டுரை! அனுமதி கேட்டு அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலை நான் பாராயணம் செய்தேன். ‘பெட்டிக்குள் ரசிகர்களுக்கு ஓர் ஆச்சரியமும் காத்திருக்கிறது’ என்றார்கள். போஸ்டர்தான், வேறென்ன, என்று முடிவு செய்துகொண்டேன்.

பார்சல் எங்கே வருகிறது என்று போனில் பார்ப்பதே அந்த மாதம் முழுக்க என் தொழிலாக இருந்தது. நாவலூரில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடம்பு என்னுடையது. உயிர் ஏதோ ஒரு கிடங்கில் முத்திரைக்காகக் காத்திருந்தது.

பார்சலை வீட்டு முகவரிக்கு வரவழைக்க முடியாது. “இந்த வூட்டுக்கு இன்னொரு பார்சல் வந்துச்சுன்னா, அதுகூட நீங்களும் ரிட்டர்ன் போவீங்க” என்று என் மனைவி சொல்லியிருந்தாள். எனவே மைத்துனன் குமரனின் கடை முகவரியைக் கொடுத்தேன். அவனிடம் சொல்லவில்லை. கடை பூட்டித்தானே கிடக்கிறது, நானே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

குமரன் லாரி ஓட்டியவன். முதுகு போனதும் வண்டியை விட்டு இறங்கி, செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையோரம் டிபன் கடை வைக்கத் துணிந்தான். இது ஓடாவிட்டால் திரும்ப லாரிதான். முதுகு தாங்காது என்று டாக்டர் சொல்லியாயிற்று. கடைக்குத் தண்ணீர் இணைப்பு இன்னும் வந்திருக்கவில்லை. பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் சரோஜா அக்கா, போட்டிக் கடை என்றும் பாராமல், தன் போர்வெல்லிலிருந்து ஒரு பச்சை ஹோஸை இழுத்துவிட்டிருந்தார். அந்த ஹோஸை நம்பித்தான் திறப்பு விழா. தேதி குறித்து, பத்திரிகை கொடுத்து, எல்லாம் ஆகியிருந்தது. அந்தத் தேதியும் பார்சல் தேதியும் ஒன்றையொன்று சந்திக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. தேதிகள் எனக்கு வானிலை மாதிரி, வந்தபிறகுதான் தெரியும்.

திறப்பு விழா அன்று விடிந்தும் விடியாமலும் குமரன் போன் செய்தான்.

“மாமா, ஒடனே வாங்க. கடைக்கு எவனோ வெச்சிட்டான்.”

“என்னத்தடா?”

“போன்ல சொல்லக் கூடாது. வாங்க.”

போனேன். ஷட்டருக்கு முன்னால் ஒரு கறுப்பு மரப்பெட்டி, மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு துணிப் பொம்மை. முகம் முழுக்கக் கரி. நெஞ்சில் ஆணிகள். கழுத்தில் சிவப்புக் கயிறு, தலையில் நிஜ முடி போல ஒரு கொத்து, பக்கத்தில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். சுற்றிலும் இரவு மழையில் ஊறிய அட்டையை நாய்கள் துண்டுதுண்டாகப் பிய்த்துப் போட்டிருந்தன. (அறிவுள்ள யாரும் அந்த அட்டையை ஒரு கணம் பார்த்திருப்பார்கள். நான் பொம்மையின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

குமரன் சந்தன நிறப் புதுச்சட்டையில் நின்றுகொண்டிருந்தான். “எந்நேரமும் பேய்ப்படமா பாத்துகினு கீறீங்களே மாமா. நீங்களே சொல்லுங்க, இதுக்கு இன்னா பண்ணணும்?”

என் மாமனார் வீட்டில் அதுவரை என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. பந்தலை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்றுகூட. திடீரென்று என் முதுகெலும்பு நிமிர்ந்தது. குரல் தானாகக் கனத்தது.

“யாரும் கை வைக்காதீங்க. இதை உப்புத் தண்ணிலதான் விடணும்.”

“கொளவாய் ஏரி பக்கத்துலயே கீதே?”

“ஏரி ஆகாது. கடல். விட்டுட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது.”

எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ‘உப்பளத்து விளக்கு’, இடைவேளைக்குப் பிறகு, என்று சொல்லியிருப்பேன்.

“யாரு மாமா வெச்சிருப்பாங்க?”

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். “இந்தக் கடை வந்தா யாரு கண்ணு உறுத்துமோ, அவங்கதான்” என்றேன். பொதுவாகத்தான் சொன்னேன். குமரனின் தலை மெதுவாகப் பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பியது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் கடலுக்குப் போகும் அவசரத்தில் இருந்தேன்.

பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டே மூடி, மஞ்சள் துணியில் கட்டி, ஸ்கூட்டரில் காலடியில் வைத்தேன். திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் உள்ளே எதுவோ ‘டொக்’ என்றது. பொம்மை எழுந்து உட்காருகிறது என்று நினைத்தேன். கோயில் மலையைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதே கையால் ஆக்ஸிலேட்டரைப் பிடித்திருந்ததால் வண்டி தள்ளாடியது. பகுத்தறிவு, நவீனத்துவம், முப்பது வருட வாசிப்பு எல்லாம் பின்சீட்டில் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தன.

மாமல்லபுரத்தில் மீனவர்கள் படகு நிறுத்தும் இடத்தில் போய் நின்று, வீசினேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். காலில் எதுவோ இடித்தது. பெட்டிதான். அலை கொண்டுவந்து கொடுத்திருந்தது. மறுபடி வீசினேன். மறுபடி வந்தது.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தார். “அண்ணாத்த, கரைல நின்னுகினு போட்டா கரைக்குத்தான் வரும். எங்கிட்ட குடு. போட்டுல போயி ஆழத்துல வுட்டுட்டு வரேன்.”

கொடுத்தேன். அவர் படகை எடுத்துக்கொண்டு போனார். டீக்கடையில் உட்கார்ந்தேன். கடல் பெரியது, மனிதன் சிறியவன் என்ற ரீதியில் ஒரு வரி தோன்றிக்கொண்டிருந்தபோது குமரன் கூப்பிட்டான்.

“மாமா, பேஜாராயிட்சி. சரோஜா அக்காவை நேராவே கேட்டுட்டேன். அது ஹோஸைப் புடுங்கி உள்ள எடுத்துகினு பூட்சி. ஒரு சொட்டு தண்ணி இல்ல. அரிசி ஊறவெக்கல, சாம்பார் வெக்கல. கேன் தண்ணிக்காரன் எவனும் போன் எடுக்க மாட்றான். நல்ல நேரம் முடியறதுக்குள்ள பாலு காச்சலன்னா, அவ்ளோதான் மாமா. செய்வினை வெச்ச கடைன்னு பேராயிடும். எவன் வந்து துன்னுவான்?”

‘தைரியமா இரு, இங்கே வேலை முடிஞ்சுடுச்சு’ என்று போனை வைத்தேன். திரையில் தாமதமாக வந்த ஒரு செய்தி காத்திருந்தது. ‘உங்கள் பார்சல் நேற்று இரவு ஒப்படைக்கப்பட்டது. கடை வாசலில் வைக்கப்பட்டது.’ ஆதாரத்துக்குப் புகைப்படம். குமரனின் ஷட்டர். ஓரத்தில் பச்சை ஹோஸ். நடுவில், நனையாத, நாய் தொடாத, அழகான அட்டைப்பெட்டி.

டீ டம்ளரைக் கீழே வைத்ததாக ஞாபகமில்லை. ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினேன். தூரத்தில் படகிலிருந்த அந்த மனிதர் பக்தியோடு பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, பெட்டியைக் கடலில் விட்டார்.

கரைக்கு வந்ததும், “முட்சிட்டேன் அண்ணாத்த. திரும்பிக்கூட பாக்கல” என்றார்.

“அதைத் திரும்ப எடுக்கணும்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “வுடறதுக்கு நான் போவேன். எடுக்கறதுன்னா நீயே வந்து ஒன் கையால எடு.”

ஏறினேன். படகு என்பது கவிதையில் மட்டுமே மிதமாக அசைவது. முதல் அலையில் டீ போயிற்று. இரண்டாவதில் முந்தைய நாள் இரவுச் சாப்பாடு. மரப்பெட்டி மஞ்சள் துணியோடு சமர்த்தாக மிதந்துகொண்டிருந்தது. அதை நான் மார்போடு அணைத்துக்கொண்டு படகில் விழுந்தபோது, அவர் முருகனைக் கூப்பிட்டார். பெட்டிக்காகவா எனக்காகவா தெரியவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் இதை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்தேன். ‘ஒரு சின்னக் குழப்பம்’ என்று தொடங்கலாம். ‘கலை என்பது சில சமயம்’ என்றும் தொடங்கலாம். எதுவும் கடை வரைக்கும் வந்து சேரவில்லை.

கடை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. காலி அண்டாக்கள். கையைப் பிசைந்துகொண்டு சொந்தக்காரர்கள். என் மனைவியும் வந்திருந்தாள். நடுவில் சரோஜா அக்கா, இடுப்பில் கை வைத்து, குமரனை வறுத்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டா, என் தண்ணில நீ கட தொறக்கப்போற. ஒனக்கு வெக்கணும்னா நான் இன்னாத்துக்குடா பொம்ம செய்யப்போறேன்? பைப்ப மூடுனா பத்தாது?”

அப்போதுதான் நான் வந்து நின்றேன். சட்டையில் உப்பு, தலையில் மணல், கையில் பெட்டி. கூட்டம் ஒரே எட்டில் பின்வாங்கியது.

“மாமா!” என்று அலறினான் குமரன். “போட்டுட்டு வரச் சொன்னா திருப்பி எடுத்துகினு வந்துகீறீங்க! கடலே வாணான்னுட்சா?”

“குமரா, இது வந்து...” என்றேன்.

சரோஜா அக்கா விறுவிறுவென்று வந்து, துணியை அவிழ்த்து, பொம்மையின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். “என்மேல பழி வந்துகீது. இன்னா ஏதுன்னு நானே பாக்கறேன்” என்று புரட்டியவர், அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

“இன்னாடா குமரா இது. செய்வினைல கஸ்டமர் கேர் நம்பர் போட்டுகீது?”

கூட்டம் ஓர் அடி முன்னால் வந்தது.

“‘தனித்து விற்பனைக்கல்ல’ன்னு வேற கீது.” அவர் பெட்டிக்குள் கையை விட்டு, பொம்மை படுத்திருந்த பலகையைத் தூக்கினார். அடியில் ப்ளூ-ரே தட்டு, புத்தகம், அதன் மேல் ஒட்டிய விலாசச் சீட்டு. என் பெயர். கெட்டியான எழுத்தில், உப்புத் தண்ணீருக்கும் அசராமல்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. என் வாழ்நாளில் எந்தக் கவியரங்கிலும் எனக்கு அப்படியொரு கவனம் கிடைத்ததில்லை.

“நீங்களா மாமா?” என்றான் குமரன். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலாம். உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்து சிரித்தானா அழுதானா என்று கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எழுந்துபோய், சரோஜா அக்காவின் முன் தலையைக் குனிந்து நின்றான். “அக்கா, தப்பு என்னுதுதான். ஒன்ன கேட்டிருக்கக் கூடாது.”

அவர் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். “புத்திகெட்டவனே. போ, பால எட்து வையி.” உள்ளே போய் ஹோஸை இழுத்துவந்து, முதல் தண்ணீரை என் காலில் பீய்ச்சி உப்பைக் கழுவினார். அப்புறம்தான் அண்டாவுக்கு விட்டார். நல்ல நேரம் முடிவதற்குள் பால் பொங்கியது. இட்லிக்குச் சரோஜா அக்காவே தன் கடையிலிருந்து மாவு கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு. “மொத எல இந்த நைனாவுக்குப் போடு. துன்னுட்டு நல்லா கீறாரான்னு பாத்துட்டு மத்தவங்க உக்காரட்டும்.”

நான் தின்றேன். ஊரே பார்த்தது. நன்றாகத்தான் இருந்தேன். அதன்பிறகு இலை ஓயவில்லை. கடலே திருப்பி அனுப்பிய பொம்மையைப் பார்க்க வந்தவர்கள், வந்ததற்கு ரெண்டு இட்லி என்று உட்கார்ந்தார்கள்.

அந்த இடைவெளியில் என் மனைவி ஈரப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, விசிறிக்குக் கீழே வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் என் கட்டுரை, ‘உடைபடாத பூசணிக்காய்’. வலப்பக்கம் சுத்தம் செய்யப்பட்ட படத்திலிருந்து முழுப்பக்கக் காட்சி, கண்ணாடி மாதிரித் தெளிவாக. நாயகியின் மடியில் கரி முகத்தோடு, ஆணிகளோடு, இதே பொம்மை. அவள் கட்டுரையைச் சத்தமாக வாசித்தாள். ‘அந்தக் காயின் வளைவுகளில்’ என்ற இடத்தில் குமரன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டான்.

இன்று எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஒரு விஷயம் சரியாகத் தெரியாமல் அடித்துப் பேசினால், ‘பூசணிக்காய் வந்துட்சி’ என்கிறார்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய ப்ளூ-ரே தட்டு ஓடவில்லை. பொம்மை குமரனின் கல்லாவுக்கு மேலே பூவோடு உட்கார்ந்திருக்கிறது. லாரி டிரைவர்கள் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். படத்தைத் தெளிவாகப் பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது குமரன் ஸ்கூட்டர் வரைக்கும் வந்தான். கை முழுக்க மாவு. சட்டையின் சந்தன நிறம் சாம்பார் நிறமாகியிருந்தது. எதையாவது சொல்லியாக வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். அவன் விடவில்லை.

“தெனம் நாஸ்தாவுக்கு வாங்க மாமா. ஆனா வெறுங்கையோட வாங்க.”